இடது கண்ணோரம் ஒரு கோடு

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவன் அண்ணன். போன வார அத்தியாயத்தில் அதைத்தான் பார்த்தோம்.

சட்டைக் கம்பெனி மேடம் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தார். விளம்பரத்துக்கு அவர்கள் ஏற்பாடு செய்திருந்த நரைத்த தலை மாடல் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டார். சோர்ந்து போய் உட்கார்ந்த மேடம், எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்தார். கண் இரண்டும் இடுங்க, வாய் கொள்ளாமல் சிரிக்கிற ஒரு பெரியவர்.

"யாருங்க இது? எனக்கு இவர்தான் வேணும்."

"எங்க அப்பாதான். நாளைக்கே எடுத்துடலாம்" என்று அண்ணன் சொல்லிவிட்டான்.

அப்பாதான், அதில் பொய் இல்லை. ஆனால் அது ஸ்டுடியோ திறந்த அன்று எடுத்த படம். போன மழைக்காலத்தில் ஒரு காலை, வாய் கொப்பளிக்கப் போன அப்பாவுக்குத் தண்ணீர் ஒரு பக்கமாக வழிந்து, முகத்தின் இடது பாதி அப்படியே நின்று போனதை மேடத்திடம் யார் சொல்வது? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, அண்ணன் மாடியேறி அப்பாவின் முன்னால் போய் நின்றான்.

அப்பா அன்றிலிருந்து மாடியை விட்டு இறங்கவில்லை. டாக்டர், "நரம்பு சமாச்சாரம். திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வந்தா மெதுவாத்தான் வரும்" என்று சொல்லியிருந்தார். அப்பா அதில் "வராமலும்" என்பதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டார். குளியலறைக் கண்ணாடி மேல் ஒரு துண்டைப் போட்டார். சவரம் செய்வது தடவிப் பார்த்துத்தான்.

அவர் செருப்புக் கடையில் வாழ்நாள் முழுக்க வேலை பார்த்த மனிதர். வருகிறவர்களின் பாதத்தைப் பிடித்தபடி நிமிர்ந்து சிரித்தே வியாபாரத்தை முடித்துவிடுவார். இப்போது யார் வந்தாலும் பாதத்தைப் பார்ப்பதோடு சரி. நிமிர்வதில்லை.

"வரேன்" என்று அவர் சொன்னதே அதிசயம். சொன்னதோடு ஒரு நிபந்தனையும் போட்டார்.

"படத்தை முதல்ல நான் பார்ப்பேன். எனக்குச் சரியாப் படலைன்னா விட்டுடணும். அதுக்கப்புறம் யாரும் என்னைக் கீழ வான்னு கூப்பிடக் கூடாது. என்னிக்குமே."

அந்த "என்னிக்குமே" வீட்டில் எல்லோருக்கும் கேட்டது.

இனி, இந்தக் காலை.

ஸ்டுடியோவில் மூன்று பேர். படம் எடுப்பது அண்ணன். எடுப்பதற்கு முன்னால் ஆளைத் தயார் செய்வது அண்ணி. எடுத்த பிறகு கம்ப்யூட்டரில் திருத்துவது அண்ணனின் தங்கை, வீட்டுக்குச் சின்னவள். நம் கதை அவளைச் சுற்றித்தான்.

அண்ணியும் சின்னவளும் ஒரு வாரமாகப் பேச்சு வார்த்தை இல்லை. "உங்க பவுடர் டப்பா மொத்தமும் என்னோட ஒரு கிளிக்குக்கு ஆகாது" என்று இவள் சொல்ல, "உனக்கு முகம்னா அழிக்கற சிலேட்டு" என்று அவள் சொல்ல, அதோடு கதவு சாத்தியாயிற்று. நடுவில் அண்ணன். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"தயார் பண்றேன்னு ரெண்டு மணி நேரம் அப்பாவை நாற்காலியில உக்கார வைக்கணுமா? ரெண்டு நிமிஷம் எடு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்னு அவங்ககிட்ட சொல்லு" என்றாள் சின்னவள்.

அவங்க நின்றது மூன்றடி தள்ளி.

"ஒரு மனுஷனை மூஞ்சி கூடக் கழுவாம கேமரா முன்னாடி உக்கார வைக்கறது பாவம்னு உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்றாள் அண்ணி.

அண்ணன் யோசித்தான். பயந்தவனுக்குச் சில சமயம் நல்ல யோசனை வரும்.

"ரெண்டு விதமாவும் எடுப்போம். முதல்ல அப்பா எப்படி இருக்காரோ அப்படியே எடுக்கறேன், அது உன் கையில. அப்புறம் இவ தயார் பண்ணட்டும், எடுக்கறேன், அதை நீ தொடக் கூடாது. அப்பா பார்த்து எதைச் சொல்றாரோ அது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "சரி" என்றார்கள். அந்த வாரத்தில் அவர்கள் சேர்ந்து சொன்ன ஒரே வார்த்தை அதுதான்.

அப்பா இறங்கி வந்தார். ஒவ்வொரு படியாகக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிகளைப் பார்த்தபடியே. இப்போதுதான் எழுந்தவர். இடது கன்னத்தில் தலையணை மடிப்பு பதிந்திருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "எடுடா" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் எடுத்தான். எடுக்கும்போது பின்னால் நகர்ந்தவன், விளக்கு ஒயரில் கால் சிக்கி, விழாமல் இருக்க திரைச்சீலையைப் பிடித்து, திரைச்சீலையோடு உட்கார்ந்தான். கேமராவை மட்டும் விடவில்லை, அழுத்தின பொத்தானையும் விடவில்லை. அப்பாவின் வலது உதடு லேசாக இழுத்தது. அவ்வளவுதான், முடிந்தது.

சின்னவள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

அந்த அறைக்கு ஜன்னல் உண்டு, வெளிச்சம் கிடையாது. கறுப்புத் துணி போட்டு அடைத்திருந்தாள், திரையில் நிறம் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக. அவளிடம் வருகிற முகங்கள் எல்லாம் படமாகத்தான் வரும். கன்னத்து மயிர்க்கால் ஒவ்வொன்றும் கொத்தமல்லி விதை அளவுக்குப் பெரிதாகும்வரை ஜூம் பண்ணுவாள். ஆனால் அந்த முகங்களுக்குரிய மனிதர்களை வாசலில் பார்த்தால் அடையாளம் தெரியாது.

தொழிலில் அவளுக்கு ஒரே ஒரு சட்டம். தானாகப் போகிறதை எடு, போகாததைத் தொடாதே. பரு போகும், கீறல் போகும், எடுத்துவிடலாம். மச்சம் போகாது, தழும்பு போகாது, இருக்கட்டும். இந்தச் சட்டத்தை அவள் யாருக்காகவும் மீறியதில்லை.

அப்பாவுக்காக மீறினாள். மேடம் கேட்டது சுவரில் இருந்த சிரிப்பை. அதைக் கொடுத்தால் எல்லோருக்கும் நல்லது என்று நினைத்தாள். அண்ணன் தடுமாறிய நேரத்தில் எடுத்த படத்தில்தான் முகத்தில் கொஞ்சம் உயிர் இருந்தது, அதை எடுத்துக்கொண்டாள். பழைய படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்தாள். வலது பக்கத்து உதட்டின் ஓரத்தைப் பிரதி எடுத்து, திருப்பி, இடது பக்கம் வைத்தாள். தொங்கிய இமையைத் தூக்கினாள். கன்னத்தில் இருந்த தலையணை மடிப்பை எடுத்தாள். இடது கண்ணோரத்தில் இன்னொரு மெல்லிய கோடு இருந்தது. அதுவும் தலையணைதான் என்று பிரஷ்ஷை ஒரு தடவு தடவினாள். போயிற்று.

வேலை சுத்தமாக வந்திருந்தது. அவளுக்கே பெருமையாக இருந்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

மேக்கப் அறையில் பெரிய கண்ணாடியை அண்ணி ஒரு படுக்கை விரிப்பால் மூடியிருந்தாள். அப்பா அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். மடியில் துண்டு.

"அப்பா, பாருங்க."

அப்பா பார்த்தார். ரொம்ப நேரம், மரியாதையாகப் பார்த்தார்.

"நல்லா இருக்காரு" என்றார்.

சின்னவளுக்கு முதலில் புரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. "நல்லா இருக்கேன்" என்று அவர் சொல்லவில்லை. யாரோ ஒருவரின் படத்தை நீட்டினால் எப்படிச் சொல்வாரோ அப்படிச் சொன்னார்.

அப்பா லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டார். அவர் அடுத்தபடியாக எழுந்து மாடிக்குப் போய்விடுவாரோ என்று அவளுக்குப் பகீரென்றது.  குத்திக் காட்ட அண்ணிக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அமையாது. அவளோ கையைச் சுடுதண்ணீரில் நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, இப்ப என் முறை. கண்ணுக்கு மருந்து விடறேன், கொஞ்சம் நிமிருங்க."

சின்னவள் தன் அறைக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. கதவோரம் நின்றாள். ஒரே கூரைக்குக் கீழ் இத்தனை வருஷம் வேலை பார்த்தும், அண்ணி ஒரு முகத்தில் கை வைப்பதை அவள் முழுதாகப் பார்த்ததே இல்லை.

"வெளிச்சத்தை மறைக்காம நிக்கச் சொல்லுங்க" என்றாள் அண்ணி, அண்ணனிடம். சின்னவள் அரை அடி நகர்ந்தாள்.

அண்ணி ஒரு குட்டை ஸ்டூலை இழுத்துப் போட்டு, அப்பாவுக்குக் கீழே உட்கார்ந்தாள். இடது கண் முழுதாக மூடாது, அதனால் காய்ந்து போகும். அதில் சொட்டு மருந்து விட்டு, இமையை ஒரு விரலால் தாங்கிப் பிடித்தாள். பிறகு வெதுவெதுப்பான ஈரத் துண்டை முகத்தில் போட்டு, அதன் மேல் இரண்டு உள்ளங்கையையும் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். எதுவுமே செய்யவில்லை. சின்னவளுக்குப் பொறுமை போயிற்று. இதற்குப் பெயர் வேலையா என்று நினைத்தாள்.

அப்போதுதான் கவனித்தாள். அப்பாவின் தோள் இறங்கியது.

மழைக்காலத்திலிருந்து அந்தத் தோள் இரண்டும் காதை ஒட்டியே இருந்திருக்கின்றன. யாரும் கவனிக்கவில்லை, அவளும்தான். இப்போது அவை இறங்கின. இறங்கியதும் கழுத்து நீண்டது. கழுத்து நீண்டதும் தாடைக்குக் கீழே இருந்த மடிப்பு காணாமல் போயிற்று. அந்த மாதிரி ஒரு மடிப்பை எடுக்க அவள் அரை நாள் மல்லுக்கு நிற்பாள். இங்கே ஒரு துண்டும் இரண்டு கையும் அதை எடுத்துவிட்டன.

அண்ணி, அப்பா தடவிச் சவரம் செய்ததில் தப்பிய முடிகளைத் தேடித் தேடி எடுத்தாள். புருவத்தில் எல்லை மீறியவற்றைக் கத்தரித்தாள். உதட்டில் கொஞ்சம் எண்ணெய்ப் பசை. கட்டைவிரல் இரண்டையும் தாடையில் வைத்து, காது வரைக்கும் மெதுவாக மேலே தள்ளினாள். திரும்பத் திரும்ப. இடது பக்கம் வந்தபோது அவள் விரல் ஒரு கணம் நின்றது. அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டிக்கொண்டு தொடர்ந்தாள்.

"முப்பது வருஷம் நான் கீழ உக்காந்து அடுத்தவங்க காலைப் பிடிச்சேன். இன்னிக்கு எனக்குக் கீழ ஒருத்தி" என்றார் அப்பா. ப, ம எல்லாம் கொஞ்சம் வழுக்கின.

"அப்போ நான் பில் போடணும் மாமா."

பவுடர் என்று அவள் போட்டது மூக்குக்கு மட்டும். கண்ணுக்குக் கீழே கொஞ்சம் கிரீம் பூசினாள். நெற்றிப் பளபளப்பை ஒரு டிஷ்யூவால் ஒற்றி எடுத்தாள். சட்டை பெரிதாக இருந்தது, அப்பா இளைத்திருந்தார். முதுகுப் பக்கம் துணியை இழுத்து கிளிப் போட்டாள். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

கடைசியாக நாற்காலியைத் திருப்பினாள். ஜன்னல் வெளிச்சம் இடது கன்னத்தில் விழுந்தது.

"அந்தப் பக்கமா?" என்றான் அண்ணன்.

"அந்தப் பக்கம்தான்."

சின்னவள் பார்த்தாள். எல்லோரும் மறைத்து வைத்த பாதி, மென்மையான வெளிச்சத்தில் அமைதியாக இருந்தது. அங்கே மறைக்க ஒன்றுமே இல்லை. வலது பக்கம் வம்பு பேசுகிற அப்பா, இடது பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிற அப்பா. இரண்டு பேரையும் அவளுக்குத் தெரியும்.  ஆயிரம் முகம் திருத்தியவள், ஒரு முகத்தின் முன்னால் முதல் முறையாக எதையும் திருத்தத் தோன்றாமல் நின்றாள்.

"மாமா, அந்த ரெண்டு இடது செருப்பு கதையைச் சொல்லுங்களேன்" என்றாள் அண்ணி.

"அது ஆயிரம் தடவை கேட்டதாச்சே."

"உங்க பையன் கேக்கலையாம்."

கேட்காமல் என்ன. அண்ணன் கேமராவுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு, "ஆமாம்பா, கேக்கலை" என்றான்.

"கூட்டமான நாள்" என்று அப்பா ஆரம்பித்தார். "அவசரத்துல ஒருத்தருக்கு ரெண்டும் இடது காலாப் போட்டுக் கட்டிக் கொடுத்துட்டேன். ஒரு வாரம் ஆச்சு, ஆளே வரலை. அப்புறம் வந்தார். சண்டைக்குத்தான் வரார்னு நினைச்சேன். செருப்பு நல்லாத்தாங்க இருக்கு, ஒரே ஒரு தொந்தரவுதான்னார். என்னங்கன்னேன். எங்க போகக் கிளம்பினாலும் ஒரு சுத்து சுத்தி எங்க வீட்டுக்கே வந்துடறேங்கன்னார்."

அப்பா சிரித்தார். மழைக்காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்காத சத்தம். அண்ணன் விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான். அழுதுகொண்டே அழுத்தினான் என்பது அவன் மூக்கு உறிஞ்சியதில் தெரிந்தது.

படங்கள் சின்னவளின் திரைக்கு வந்தன. எதையும் தொடக் கூடாது, நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. அந்தச் சிரிப்பின் உச்சியில் எடுத்ததைத் திறந்தாள். பழக்கத்தில் ஜூம் பண்ணினாள்.

இடது கண்ணோரத்தில் ஒரு கோடு.

கை தன்னால் பிரஷ்ஷுக்குப் போயிற்று. தலையணை மடிப்பு, ஒரு தடவு தடவினால் போய்விடும். பாதியில் நிறுத்தினாள். ஒப்பந்தம் நினைவுக்கு வந்தது, அதற்காக நிறுத்தினாள். அதற்குப் பிறகுதான் வேறொன்று உறைத்தது.

தலையணை மடிப்பா? மத்தியானம் ஆகிவிட்டதே. சுடுதண்ணீர்த் துண்டு போட்டு, அத்தனை நேரம் தேய்த்தார்களே. கன்னத்து மடிப்பு போய்விட்டது. இது மட்டும் எப்படி இருக்கும்?

முந்தின படத்தைத் திறந்தாள். அப்பா கதை சொல்ல ஆரம்பிக்கிறார். கோடு இல்லை.

அடுத்தது. "வீட்டுக்கே வந்துடறேங்க". கோடு இருந்தது.

அதற்கடுத்தது. சிரிப்பு ஓய்கிறது. கோடு மங்கியிருந்தது.

 காலையில் எடுத்த படத்துக்குப் போய், தான் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினாள். உதடு பழையபடி இறங்கியது. இமை இறங்கியது. கடைசியில் கண்ணோரக் கோடு திரும்பி வந்தது. அண்ணன் திரைச்சீலையோடு விழுந்த நேரம். அதற்கு முந்தின படத்தில் அது இல்லை.

தலையணை மடிப்பு வந்து வந்து போகாது. இது சிரித்தால் வருகிறது, சிரிப்பு நின்றால் போகிறது.

அது அசைகிறது.

ஒரு மயிரிழை அளவுதான். பக்கத்தில் நிற்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடியில் கூடத் தெரியாது. கொத்தமல்லி விதை அளவுக்கு மயிர்க்காலைப் பெரிதாக்கிப் பார்க்கிறவளுக்குத்தான் தெரியும். அப்படிப்பட்டவள்தான் காலையில் அதை அழுக்கு என்று நினைத்துத் துடைத்திருக்கிறாள். 

"அண்ணி" என்று கத்தினாள்.

ஒரு வாரமாக அந்த வீட்டில் கேட்காத சொல். அண்ணி கையில் சீப்போடு ஓடி வந்தாள்.

"என்ன ஆச்சு?"

 சின்னவள் ஒரு படத்தின் மேல் இன்னொரு படத்தை வைத்து, மாற்றி மாற்றிக் காட்டினாள். கோடு வந்தது, போயிற்று. வந்தது, போயிற்று. இடது உதட்டின் ஓரமும் கூடவே ஒரு துளி ஏறி இறங்கியது.

அண்ணி திரைக்குக் கிட்டே வந்தாள்.

"தேய்க்கும்போது விரலுக்குக் கீழ ஏதோ துடிச்சுது" என்றாள்.  "என் ஆசைதான் துடிக்குதுன்னு நினைச்சேன். யார்கிட்டயும் சொல்லலை."

"நான் காலையில அழிச்சேன் அண்ணி. தலையணை மடிப்புன்னு அழிச்சேன்."

"இப்ப அழிக்கலையே."

இரண்டு பேரும் அந்த இருட்டு அறையில் நின்று, கோடு வந்து வந்து போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யார் முதலில் யார் கையைப் பிடித்தார்கள் என்று கேட்டால் இன்றைக்கும் இரண்டு பேரும் அடுத்தவரைத்தான் சொல்வார்கள்.

அப்பாவை உள்ளே கூட்டி வந்தார்கள்.  சின்னவள் திரையில் அவர் கண்ணோரத்தை மட்டும் பெரிதாக்கி, மாற்றி மாற்றிக் காட்டினாள்.

"இது யாரு?" என்றார் அப்பா.

"நீங்கதாம்பா. நான் எதையும் தொடலை. அந்தச் செருப்புக்காரர் வீட்டுக்குத் திரும்பி வந்தப்போ."

அப்பா திரைக்குப் பக்கத்தில் குனிந்தார். வலது கையால் தன் இடது கண்ணோரத்தைத் தொட்டார். திரையில் கோடு வந்தது. விரலை எடுக்கவில்லை.

"இன்னொரு தடவை காட்டும்மா."

காட்டினாள்.

"இன்னொரு தடவை."

எத்தனை தடவை காட்டினாள் என்று அவள் எண்ணவில்லை. வாசலில் மணி அடித்தது.

சட்டைக் கம்பெனி மேடம் வந்துவிட்டார். அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்து, "வாங்க மேடம், உக்காருங்க, தண்ணி குடிக்கறீங்களா" என்றான்.

மேடத்துக்குப் பின்னால் அப்பா வந்து நின்றார். வழக்கப்படி அவர் பார்வை முதலில் காலுக்குப் போயிற்று. உயரமான, கூர் மூக்குச் செருப்பு.

"அரை சைஸ் சின்னதா வாங்கிட்டீங்க" என்றார். "சாயங்காலம் ஆனா சுண்டுவிரல் உயிரை வாங்குமே."

மேடம் திடுக்கிட்டுத் திரும்பினார். "ஆமாங்க, எப்படி..."

அப்பா நிமிர்ந்தார். நிமிர்ந்து, கோணலும் நேருமாக இருந்த தன் முகம் முழுவதையும் காட்டி, சிரித்தார்.

மேடம் அவரைப் பார்த்தார். சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். மறுபடி அவரைப் பார்த்தார்.

"போன மழைக்காலத்துல இப்படி ஆச்சுங்க" என்றான் அண்ணன். "நேத்தே சொல்லியிருக்கணும். தப்புதான்."

"படத்தைக் காட்டுங்க" என்றார் மேடம். கோபமா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல்.

இரண்டையும் திறந்து வைத்தார்கள். காலையில் திருத்தியது ஒரு பக்கம், தொடாதது ஒரு பக்கம். திருத்தியதை மேடம் ஒரு பார்வை பார்த்தார், அது சுவரில் இருக்கிற படம்தான். தொடாத படத்தின் முன்னால் அவர் அசையாமல் நின்றுவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார், அது அவருக்கே தெரியாது.

"என்ன நினைச்சு இப்படிச் சிரிக்கறார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அது பெரிய கதைங்க" என்றாள் அண்ணி.

"இதுதான். இதையே எடுத்துக்கறேன்." மேடம் திரையில் விரலை வைத்தார். "ஒண்ணே ஒண்ணு. கடை முகப்புல ஆளைவிடப் பல மடங்கு பெருசா வரப்போகுது. இந்தப் பக்கம் முழுக்க அமைதியா இருக்கு, கண்ணோரத்துல இந்த ஒரு கோடு மட்டும் தனியா நிக்குது. பார்வை அங்கயே போகுது. இதை மட்டும் எடுத்துடுங்க. ஒரு நிமிஷ வேலைதானே?"

 அது ஒரு நிமிஷ வேலைகூட இல்லை. காலையில் அவள் அதை ஒரே தடவில் செய்திருக்கிறாள்.

"முடியாதுங்க" என்றாள் சின்னவள்.

மேடம் புருவத்தை உயர்த்தினார். "இதுதானே உங்க வேலை?"

"தானாப் போறதை எடுக்கறதுதாங்க என் வேலை. இது போறது இல்ல." திரையில் அந்தக் கோட்டைக் காட்டினாள். "இப்பத்தான் வருது."

மேடம் அவளைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று தெரியவில்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"நானா முடிவு பண்ண முடியாது. முதலாளியைக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு, வெறுங்காலோடு மாடிப்படிப் பக்கம் போனார். அவர் பேசுவது கேட்டது, என்ன பேசுகிறார் என்று கேட்கவில்லை.

அண்ணன் நகத்தைக் கடித்தான். அண்ணி அவன் கையைத் தட்டிவிட்டாள்.

அப்பா எழுந்து மேக்கப் அறைக்குள் போனார். விரிப்பு போட்டு மூடியிருந்த பெரிய கண்ணாடியின் முன்னால் நின்றார்.

"இதை யார் மூடினது?"

"நான்தான் மாமா."

"எடுத்துடும்மா."

அண்ணி விரிப்பை இழுத்தாள். அப்பா கண்ணாடியில் முகத்தைப் பார்த்தார். பல மாதமாகப் பார்க்காத ஒருவரைப் பார்ப்பது போல முதலில் தயங்கினார், பிறகு ஒரு அடி கிட்டப் போனார். முதுகில் கிளிப்புகள் வரிசையாக நின்றன. இடது கண்ணை விரலால் லேசாகத் தூக்கிவிட்டு, சிரிக்க முயன்றார். விட்டார். மறுபடி முயன்றார். கண்ணாடியில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் விடவில்லை.

மேடம் போனை நீட்டியபடி வாசலில் வந்து நின்றார்.

"ஐயா, முதலாளி லைன்ல இருக்கார். உங்ககிட்டயே ஒண்ணு கேக்கணுமாம்."

நோய் வந்த நாளிலிருந்து அப்பா போனில் பேசியதில்லை. சின்னவள் போனை வாங்க முன்னால் போனாள். அப்பா கையைக் காட்டி அவளை நிறுத்தினார். கண்ணாடியை விட்டுப் பார்வையை எடுக்கவில்லை.

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க" என்றார். "நான் இப்ப வேலையா இருக்கேன்."